டிவியில் பேசலாம், யூடியூபில் பேசலாம்... எஃப்.எம்-ல் மட்டும் செய்தி கூடாதா?

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது எஃப்.எம் போட்டால் என்ன வரும்? ரெண்டு பாட்டு, நாலு விளம்பரம், ஆர்.ஜே-வின் கலாய், மறுபடியும் பாட்டு. ஊரில் சொத்து வரி ஏறியதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆர்.ஜே-க்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அவர்களுக்கு அனுமதி இல்லை.

அப்படி என்ன தடை?

இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம் 2001-ல் பெங்களூருவில் தொடங்கியது. அன்றிலிருந்தே சொந்தமாகச் செய்தி, நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகள் நடத்தத் தடைதான். 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஆகாசவாணி செய்தியை எதுவும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். டிராஃபிக், வானிலை, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர் அறிவிப்புகள் 'செய்தி அல்லாதவை' என்ற கணக்கில் ஓகே.

அதாவது, 'நாளைக்கு உங்க ஏரியாவில் தண்ணி வராது' எனச் சொல்லலாம். 'ஏன் வராது?' என்று அதிகாரியை லைனில் பிடித்து விவாதித்தால், அது நடப்பு நிகழ்வு. சிக்கல்!

அரசு சொல்லும் காரணம் நியாயமா?

பாதுகாப்பும் கண்காணிப்பும்தான் அரசு சொல்லும் காரணங்கள். ஆனால், 24 மணி நேரச் செய்தி சேனல்களுக்கும், போன் இருக்கும் யாரும் தொடங்கக்கூடிய யூடியூப் சேனலுக்கும் இல்லாத ஆபத்து, உரிமம் வாங்கி, கட்டணம் கட்டி, முகவரியோடு இயங்கும் எஃப்.எம்-க்கு மட்டும் எப்படி வந்தது? தப்பு செய்தால் உரிமத்தில் கை வைக்க முடிகிற இடம் அது.

பக்கத்தில் இலங்கையில் சூரியன், சக்தி போன்ற தனியார் தமிழ் வானொலிகள் செய்தி வாசிக்கின்றன. லண்டனில் 1973-ல் தொடங்கிய எல்.பி.சி, பேச்சை நம்பியே வளர்ந்த வணிக வானொலி. நேயர்கள் போன் செய்து அரசியல்வாதிகளையே கேள்வி கேட்கிறார்கள்.

அடுத்து என்ன செய்யலாம்?

மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி, நடப்பு நிகழ்வுகளை அனுமதிக்கலாம் என டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆகாசவாணிக்கான நடத்தை விதிகளையே இதற்கும் பொருத்தலாம் என்றது. தொடங்க இது போதும்.

அனுமதி கிடைத்ததும் எல்லாம் மாறிவிடாது. பாட்டு போடுவதைவிட நிருபர் வைப்பது செலவு. விளம்பரம் தருபவர்களின் அழுத்தமும் வரும். ஆனாலும் எஃப்.எம்-க்கு ஒரு தனி பலம் உண்டு. அதன் உரிமமே ஊர் வாரியாகத்தான். மாநிலம் முழுக்கப் பேசும் டிவிக்கு மதுரையின் ஒரு வார்டு சாக்கடை செய்தியே இல்லை. மதுரை எஃப்.எம்-க்கு அதுதான் தலைப்புச் செய்தி.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சொத்தில் பாட்டு கேட்க மட்டும்தான் மக்களுக்கு உரிமையா? ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம், ஊர் பேசட்டுமே.