முதுமையும் மலைப்பாதையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதனைப் பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். பழைய வண்டியின் தன்மையறிந்தவர் மலையில் என்ன செய்கிறார்? வளைவுதோறும் கியரைக் குறைக்கிறார். ரேடியேட்டர் கொதித்தால் ஓரமாக நிறுத்துகிறார்; சூடு தணியுமுன் மூடியைத் திறப்பதில்லை. இறங்கும்போதும் பிரேக்கை மட்டும் நம்பாது, தாழ்ந்த கியரிலேயே வருகிறார். இதனை எவரும் இழிவென்று கருதுவதில்லை.

நம் உடலுக்கு மட்டும் ஏன் இந்த நீதி இல்லை? முழங்கால் மடங்காத முதியவர் நாற்காலியில் அமர்ந்து தொழ நாணுகிறார். நீரிழிவுக்கு மருந்துண்பவர், மருத்துவர் தடுத்தும் நோன்பு நோற்று மயங்கி விழுகிறார். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் அனுமதித்துள்ளது. நோன்பு நோற்கச் சக்தியற்ற முதியவர், நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழை வீதம் உணவளிக்கலாம். இயன்றவர் நிற்கத்தான் வேண்டும், இயலாதவருக்கே சலுகை. அது ஈமானின் குறைவன்று, இறைவனின் கருணை.

வண்டி பழுதானால் வேறு வாங்கலாம். உடலோ அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதற்கு மாற்று இல்லை. ஆகவே பெரியோர்களே, வெட்கமின்றிக் கியரைக் குறையுங்கள். இளைஞர்களே, இன்று ஜும்ஆவுக்குச் செல்லும்போது, உங்கள் தந்தைக்கு ஒரு நாற்காலியை நீங்களே எடுத்துப் போடுங்கள்.