முப்பது நாள் முதலாளி

"சொந்தத் தொழில், நீங்களே முதலாளி!" பிரான்சைஸ் விளம்பரம் எதை எடுத்தாலும் இந்த வரி ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் பணம் கட்டும் வரைக்கும்தான் நீங்கள் முதலாளி. அதற்கப்புறம் நீங்கள் யார் என்பது ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில், "டீஃபால்ட்", "டெர்மினேஷன்" என்ற இரண்டு தலைப்புகளுக்குக் கீழே இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

முதலில் டீஃபால்ட். ராயல்டி கட்டாதது, விற்பனைக் கணக்கை மறைப்பது, சொன்ன இடத்தில் சரக்கு வாங்காதது இதெல்லாம் தவறுதான். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் "செயல்முறைக் கையேட்டை மீறினால் ஒப்பந்தத்தை மீறியதாகும்" என்று ஒரு வரி வரும். "கையேட்டைக் கம்பெனி அவ்வப்போது மாற்றலாம்" என்று இன்னொரு வரி வரும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எது குற்றம் என்று எழுதும் பேனா எதிராளி கையில் இருக்கிறது! இன்றைக்கு ஒழுங்காக நடக்கும் கடை, நாளைக்கு உள் அலங்காரத்தை மாற்றச் சொல்லி, அதற்குப் பணம் இல்லையென்றால் டீஃபால்ட் ஆகிவிடும்.

அடுத்தது டெர்மினேஷன். பல ஒப்பந்தங்களில் தவறே செய்யாவிட்டாலும் முப்பது நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கும். "இரு தரப்புக்கும் அதே உரிமை உண்டே, சமத்துவம்தானே?" என்பார்கள். கம்பெனி வெளியேறினால் அதற்கு ஒரு கடை குறையும். நீங்கள் வெளியேறினால் வங்கிக் கடன், கடை வாடகை, அடகு வைத்த நகை எல்லாம் உங்கள் தலையில்தான். இதற்குப் பெயர் சமத்துவமா?

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அங்கேதான் அதிர்ச்சி. இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸைச் சேர்ந்த ஒரு கேஸ் விநியோகஸ்தருக்கும் நடந்த வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏஜென்சியை ரத்து செய்தது தவறு, திரும்பக் கொடுங்கள் என்று நடுவர் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுக்க முடியாது என்றது. ஒப்பந்தத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஷரத்து இருப்பதால் அந்த முப்பது நாள் வருமானம் மட்டுமே நஷ்ட ஈடு என்றது. முடிவுக்குக் கொண்டுவரக்கூடிய தன்மை உள்ள ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 1963-ஆம் வருடக் குறித்த நிவாரணச் சட்டம். 2018 திருத்தத்துக்குப் பிறகும் அந்த விதி அப்படியே இருக்கிறது. அது விநியோகஸ்தர் வழக்குதான். ஆனால் அதே மாதிரி ஷரத்து உள்ள பிரான்சைஸ் ஒப்பந்தத்துக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும். பத்து வருடம் உழைத்து வளர்த்த கடைக்குச் சட்டம் போடும் விலை முப்பது நாள் வருமானம்.

பெரிய ஆட்களுக்கே இந்த நிலைமை. 2017 ஆகஸ்டில் மெக்டொனால்ட்ஸ், வடக்கு மற்றும் கிழக்கு இந்தியாவில் தன் கூட்டாளி விக்ரம் பக்‌ஷி நடத்திய 169 கடைகளின் உரிமத்தை ரத்து செய்தது. ராயல்டி வரவில்லை என்பது காரணங்களில் ஒன்று. பதினைந்து நாளில் பெயரைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னார்கள். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வரை போராடினார். 2019-ல் சமரசமாகி அவர் பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கிக்கொண்டது. ஒற்றைக் கடைக்காரர் இத்தனை வருடம் தாங்குவாரா?

கம்பெனிகள் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. ஒரு கடையில் கெட்டுப்போன உணவு கொடுத்தால் மற்ற எல்லாக் கடைக்காரர்களின் பிழைப்பும் போகும், உடனே நிறுத்தும் அதிகாரம் வேண்டும் என்பார்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சுகாதாரம், மோசடி, திவால் இவற்றுக்கு அன்றைக்கே பூட்டுங்கள். அதைச் சாக்காக வைத்து மற்ற எல்லாவற்றுக்கும் ஏன் அதே கத்தி?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1974-லேயே இதற்கு வழி கண்டது. தக்க காரணம் இல்லாமல் டீலரை நீக்க முடியாது. காரணம் இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பொதுவாக 90 நாள் நோட்டீஸ், குறையைச் சரிசெய்ய 60 நாள். பணம் கட்டாதது போன்றவற்றுக்குத் தவணை குறைவு. அங்கே பிராண்டுகள் ஒன்றும் அழிந்துபோகவில்லை. இந்தியாவிலோ பிரான்சைஸுக்கென்று தனிச்சட்டமே கிடையாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டாய் அல்லவா?" என்கிறோம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாத அச்சடித்த படிவத்தில் போட்ட கையெழுத்து அது.

தக்க காரணம், திருத்திக்கொள்ள அவகாசம், போட்ட முதலுக்கு ஏற்ற ஈடு. இந்த மூன்றையும் சட்டமாக்க வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டில் யாராவது பிரான்சைஸ் எடுக்கப்போகிறேன் என்றால் லாபக் கணக்கை ஓரமாக வையுங்கள். காரணம் இல்லாமல் நீக்க முடியுமா? தவறைத் திருத்த எத்தனை நாள்? நீக்கினால் டெபாசிட்டும் மீதிச் சரக்கும் யாருக்கு? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத இடத்தில் செக் புத்தகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.