வேனுக்கு கெட்ச் கேன் பூட்டப் போகிறீர்களா? முதலில் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



போன கிழமை கிண்ணியாவில் ஒரு தேநீர்க் கடையில் ஹயர் ஓடும் சகோதரர்கள் இரண்டு பேர் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "கெட்ச் கேன் போட்டால் டீசலும் மிச்சம், டர்போவும் நீண்ட நாள் உழைக்கும்" என்றார் ஒருவர். "அதெல்லாம் காசு பறிக்கிற வேலை நானா" என்றார் மற்றவர். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் சரி. நான் மெக்கானிக் இல்லை, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் மச்சானின் வேன் இந்தச் சாமானால் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று பார்ப்போம். பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், டீசல் எரியும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டி, ஒயில் இருக்கும் அடிப்பகுதிக்கு இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். பழைய லொறிகளில் ஒரு குழாயைக் கீழே தொங்கவிட்டார்கள். ஒயிலும் புகையும் ரோட்டில் விழுந்தன. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், காற்று கெடுகிறது என்று, அந்த வாயுவை என்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்பச் சொல்லிச் சட்டம் கொண்டுவந்தது. இன்று நம் கேடிஎச் வேனிலும் ஹைலக்ஸிலும் டெப்பட் கவரிலிருந்து ஒரு ஹோஸ், டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போவது இதற்காகத்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த வாயுவோடு ஒயிலும் பனிபோலக் கலந்து போகிறது. டர்போ, இன்டர்கூலர், மெனிபோல்ட் என்று அது போகும் வழியெல்லாம் ஒட்டும். இன்னொரு பக்கத்தால் ஈஜிஆர் வால்வ் சைலன்சர் புகையில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடுகிறது. கரியும் ஒயிலும் சேர்ந்தால் தார்தான். காற்றுப் பாதை ஒடுங்கும், இழுவை குறையும், கறுப்புப் புகை வரும், புகைப் பரிசோதனையில் மாட்டுவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இன்றைக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிற பழைய வேன்தான் நம்மில் பலருக்குச் சோறு போடுகிறது. அதைக் காப்பாற்ற நினைப்பது பிழையே இல்லை.

கெட்ச் கேன் செய்வது ஒரே ஒரு வேலை. அந்த ஹோஸின் நடுவில் இருந்து, வரும் ஒயில் பனியை உள்ளே இருக்கும் வலையில் அல்லது பில்டரில் மோதவைத்து, ஒயிலைக் கீழே இறக்கி, வாயுவை மட்டும் மேலே விடும். டீசலை மிச்சம் பிடிக்காது. பவரையும் கூட்டாது. அப்படிச் சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மச்சானின் வேனுக்குப் பூட்டியது மலிவான ஒன்று. பிறகு கழற்றிப் பார்த்தால் உள்ளே வலையும் இல்லை, பில்டரும் இல்லை, வெறும் தகரப் பேணி. பூட்டிய ஹோஸ் பழையதைவிட ஒடுக்கம், அதுவும் ஒரு இடத்தில் மடிந்திருந்தது. குழாயின் விட்டம் பாதியானால் துவாரத்தின் பரப்பு கால்வாசியாகும் என்பது நம் பிள்ளைகள் படிக்கும் கணக்கு. வாயுவுக்குப் போக வழியில்லை. இரண்டு மாதத்தில் டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பியது, பின்பக்க ஒயில் சீலும் ஒழுகத் தொடங்கியது. சீலின் விலை பெரிதில்லை; கியர் பொக்ஸை இறக்கி ஏற்றிய கூலிதான் கேனின் விலையைப் போல பல மடங்கு.

ஆகவே என் கருத்து: பூட்டலாம், ஆனால் இவற்றைப் பார்த்துப் பூட்டுங்கள்.

1. முதலில் என்ஜினைப் பாருங்கள். சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறங்கள். இலேசான புகை வழமை. கேத்தல் கொதிப்பதுபோல் குப்குப் என்று வந்தால் ரிங்கோ இன்ஜெக்டர் சீட் வோஷரோ போயிருக்கலாம். அதற்கு கேன் பூட்டுவது ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டி வைக்கிற மாதிரி.

2. உள்ளே பில்டரோ வலையோ உள்ளதாக, அடைத்தால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வும் உள்ளதாக வாங்குங்கள். ஹோஸ் ஒயிலுக்குத் தாங்கும் ரகமாக, பழைய ஹோஸின் அளவுக்குக் குறையாததாக, எங்கும் மடியாமல், டர்போ சூட்டுக்குத் தள்ளி இருக்கட்டும்.

3. வாயுவைத் திரும்ப காற்றுக் குழாய்க்கே விடுங்கள். சிலர் ஹோஸைக் கழற்றி, கேனின் மேல் சின்ன பில்டர் ஒன்றை வைத்து வெளியே விடுகிறார்கள். அந்தப் புகை வேனுக்குள்தான் வரும். பின்னால் இருப்பது பள்ளிப் பிள்ளைகள்.

4. ஒவ்வொரு சேர்விஸுக்கும் கேனைக் காலி செய்யுங்கள், மழை காலத்தில் இடையிலும் பாருங்கள். நிரம்பிய கேனிலிருந்து ஒயிலை டர்போ இழுத்தால் என்ஜின் அந்த ஒயிலிலேயே ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஹபரணைக் காட்டு ரோட்டில் குடும்பத்தோடு போகும்போது அப்படி நடந்தால் யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஒயில் சேர்ந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அளவு திடீரென்று கூடினால் என்ஜின் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது என்று அர்த்தம். என் பார்வையில் இந்தச் சாமானின் பெரிய பயனே அதுதான்.

கடைசியாக, என் மனதை உறுத்துவது. கேனில் சேர்வது நல்ல ஒயில் இல்லை. தண்ணீரும் டீசலும் கரியும் கலந்த கழிவு. அதைத் திரும்ப என்ஜினில் ஊற்றவும் கூடாது, கானில் ஊற்றவும் கூடாது. நம் ஊர்க் கான்கள் எங்கே போகின்றன? துறைமுகக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும்தான். அங்கே இறாலும் நண்டும் மட்டியும் பிடிப்பவர்கள் நம் அயலவர்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் பகுதியாகப் படித்தவர்கள் நாம். நம் டர்போவைச் சுத்தமாக்க இன்னொருவரின் கடலை அழுக்காக்கினால் அதில் பரக்கத் இருக்குமா? ஒரு போத்தலில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் இதில் பிழை கண்டால் கீழே திருத்துங்கள், நானும் படித்துக்கொள்கிறேன். வேன் ஓடும் உங்கள் உறவுகளுக்கும் இதைக் காட்டுங்கள். எல்லாருடைய பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.