நத்தைக்கு ஸ்டார், களிக்கு நக்கலா?

நியூயார்க்கில் ஒரு தமிழ்ச் சமையல்காரருக்கு விருது கிடைத்ததும் நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்பில் போட்ட ஆட்டம் இருக்கே... ஆடட்டும், தப்பே இல்லை. ஆனா எதுக்காக ஆடுறோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சோமா?

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சுருக்கம். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் 'செம்ம'ன்னு ஒரு உணவகம். 2021-ல் திறந்தாங்க. 2022-ல் மிச்செலின் ஸ்டார். 2025 ஜூனில் அதன் செஃப் விஜயகுமாருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது. மனுஷன் வேட்டி கட்டிக்கிட்டுப் போய் வாங்கினார். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் நத்தம். அந்தக் கடையில் பேர் வாங்கிய ஐட்டம் எது தெரியுமா? நத்தைப் பிரட்டல்!

சின்ன வயசில் வீட்டில் நத்தை சாப்பிடுவதை வெளியே சொல்லவே கூச்சமா இருந்ததுன்னு அவரே பேட்டியில் சொல்லியிருக்கார். அந்தக் கூச்சத்தை அவருக்குக் கொடுத்தது அமெரிக்காக்காரனா? நாமதாங்க. நத்தை, குடல், கருவாடு தின்கிறவனை ஒரு மாதிரி பார்த்தது நாமதான். இதுல சாதி இல்லைன்னு யாராவது சொன்னா, ஸாரி, சிரிச்சிடுவேன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான சனம் 14 கிலோமீட்டர் மலை சுத்த வருது. இத்தனை பேருக்குச் சோறு போட ஏசி ஓட்டல்கள் இருக்கு. மெனு கார்டைப் பிரிச்சா பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ். ஆசிரமங்கள் பக்கம் போனா வெள்ளைக்காரங்களுக்குப் பாஸ்தா. கேவுரு களி எங்கே? மொச்சைக்கொட்டைக் குழம்பு எங்கே? சாமைச் சோறு எங்கே? "கோயில் ஊர், அசைவம் கூடாது"ன்னு சாக்குச் சொல்லவும் முடியாது. மூணுமே சுத்த சைவம்!

ஒரு ஓட்டலில் சாமைச் சோறு இருக்கான்னு கேட்டேன். சப்ளையர் ரொம்ப அக்கறையா திருப்பிக் கேட்டார்: "யாருக்கு சார் சுகர்?"

இதே மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளையுற தானியம் சார் அது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. நம்ம ஊர் மேஜைக்கு அது மருந்தாத்தான் வந்து சேர்ந்திருக்கு, சாப்பாடா வரலை.

அங்கோர்வாட் போட்டோவைப் போட்டு 'பல்லவன்டா'ன்னு பெருமை பேசுறோமே, அந்த கம்போடியாக்காரன்கிட்ட கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 1975-79 கெமர் ரூஜ் ஆட்சியில் வீட்டில் தனியா சமைக்கவே தடை. பொதுக் கொட்டகையில் தண்ணிக் கஞ்சிதான். ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குச் செத்தே போச்சு. அவங்களோட சேர்ந்து கைப்பக்குவமும் போச்சு. அந்த நாட்டில் 2004-ல் லூ மெங்னு ஒரு செஃப், நாம்பென்னில் 'மாலிஸ்'னு ஒரு உயர்தர உணவகம் தொடங்கினார். மாலிஸ்னா மல்லிகை. கெமர் சமையல்தான் அங்கே ராஜா. அதில் ப்ரஹோக்கும் உண்டு. ப்ரஹோக்னா உப்புப் போட்டு ஊறவெச்ச மீன் விழுது. வாசனையில் நம்ம கருவாட்டுக்கு அண்ணன்! அதைத் தேங்காய்ப்பாலில் சமைச்சு, வெள்ளைத் துணி விரிச்ச மேஜையில் தைரியமா வைக்கிறாங்க.

அவங்ககிட்டேருந்து துப்பாக்கி முனையில் பிடுங்கினாங்க. நம்மகிட்ட யாரும் பிடுங்கலை. நாமளே தூக்கிப் போட்டோம்.

"அப்போ தள்ளுவண்டிக் கூழை ஏசியில் வெச்சு முந்நூறு ரூபாய்க்கு விக்கணுமா? ஏழை சாப்பாட்டையும் பணக்காரனுக்குக் கொடுக்கணுமா?"ன்னு ஒரு நண்பர் எகிறினார். நியாயமான கேள்விதான். ஆனா தள்ளுவண்டியை யாரும் மூடச் சொல்லலையே? பன்னீருக்கு இருநூத்தம்பது கொடுக்கும்போது இந்தக் கேள்வி ஏன் வரலை? நொய்யை வேகவெச்சு, மாவைக் கொட்டி, துடுப்பால கட்டி தட்டாமக் களி கிண்டிப் பாருங்க, தோள்பட்டை கழண்டுடும். சாமையை உமி போகக் குத்திப் பாருங்க. இதெல்லாம் தொழில் தெரிஞ்ச கை செய்யுற வேலை. அந்தக் கைக்குக் கூலி கொடுக்க மனசில்லை, அதுக்கு 'எளிமை'ன்னு ஒரு பேரு வெச்சிருக்கோம்.

அந்தக் கை இன்னிக்கு எழுபது வயசுக் கிழவிகிட்ட இருக்கு. காசு வராத வேலையைப் பேத்தி எதுக்குக் கத்துக்கணும்? அவ நர்சிங் படிக்கப் போவா. அதுதான் சரியும்கூட. ஓட்டலில் நல்ல சம்பளத்துக்குக் களி மாஸ்டர்னு ஒரு வேலை இருந்தா, யாராவது ஒருத்தியாவது கத்துப்பா.

அதனால 'தமிழன்டா' ஃபார்வர்டு போட்ட மகாஜனங்களே, அடுத்த கல்யாணத்துக்குச் சமையல்காரர்கிட்ட மெனு சொல்லும்போது கோபி மஞ்சூரியனை வெட்டிட்டு ஒரு உருண்டை களியைச் சேருங்க. சம்பந்தி வீட்டார் முன்னாடி அதை இலையில் வைக்கக் கூசுதுன்னா, விஜயகுமார் வாங்கின விருதுக்குக் கைதட்டாதீங்க.

டிஸ்கி: பன்னீர் மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை :-)