டயர் மேல் பழி போடாதீர்கள்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் யோசித்தேன். கவிதைக்கு ஏற்கெனவே பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம்! ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். மொட்டை டயரைப் பற்றி. சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இதே பேச்சுத்தான்.

எங்கள் ஊர் தென்பெண்ணை ஆற்றுப் பக்கம். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். கடன் போட்டு வாங்கிய பழைய வண்டி, பின்னால் ஒரு டிரெய்லர். அரவை சீசன் வந்தால் கரும்பு லோடு. ஆலைக்கு 22 கிலோமீட்டர். டிரெய்லரின் பின்பக்கம் அடுத்தடுத்து இரண்டு ஆக்சில், நான்கு சக்கரம், எல்லாம் 9.00-16 டயர். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் பீசும் மெஸ் பில்லும் அந்த நான்கு சக்கரத்தின் மேல்தான் வருகின்றன.

நான் முதலாண்டு படித்தபோது, பின் ஆக்சிலில் இருந்த இரண்டு ரீட்ரேட் டயர்கள் பாதி சீசனிலேயே மொட்டையாகிப் போயின. அப்பா கழற்றிப் போட்டு, பட்டனைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கரும்புச் சோகை மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் தடவுனா வழவழன்னு இருக்கு, அந்தப் பக்கம் தடவுனா கையக் கிழிக்குது. நீ படிக்கிறவன்தானே, என்னன்னு சொல்லு" என்று கேட்டார்.

படிக்கிறவன் அல்லவா! தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "ரீட்ரேட் டயருன்னா இப்படித்தான்பா. புதுசு போடுங்க. காத்தும் கொஞ்சம் கூட அடிங்க" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டேன். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து இரண்டு புது டயர் வந்தது. அடுத்த சீசன் முடிவதற்குள் அதுவும் போச்சு! அதே சோகை. பாவம், ரீட்ரேட் போட்டுக் கொடுத்தவரிடம் அப்பா சண்டையே போட்டுவிட்டு வந்திருந்தார். அந்தச் சண்டையும் என்னால்தான்.

ஐந்தாவது செமஸ்டரில் ஒருநாள் ஆட்டோமொபைல் வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். சக்கரம் ஓடுகிற திசையும் வண்டி போகிற திசையும் ஒன்றாக இல்லாவிட்டால், பட்டனின் ஒரு ஓரம் கூராகவும் மறு ஓரம் மழுங்கியும் தேயும், ரம்பப் பல் போல் ஆகும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரம்பப் பல் என்று ஆசிரியர் சொன்னதைத்தான் அப்பா ஒன்றரை வருடத்துக்கு முன்பே சோகை என்று சொன்னார். அவர் கை கண்டுபிடித்துவிட்டது. நோயைச் சரியாகச் சொன்னவருக்குத் தப்பான மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் நான்!

டயர் தேய்வதில் பல வகை உண்டு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு, அல்லது அந்தக் காற்றுக்குச் சுமை அதிகம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம் மழுமழுவென்று போனால் ஆக்சில் வளைந்து சக்கரம் சாய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அங்கங்கே பள்ளம் விழுந்தால் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். சோகை மாதிரி இருந்தால் சக்கரம் கோணலாக இழுபடுகிறது. புது டயர் வாங்குவதற்கு முன் பழைய டயரைத் தடவிப் பார்க்க வேண்டும். நாங்கள் செய்தது நேர் தலைகீழ்.

அந்த விடுமுறையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து டேப் வைத்தோம். முதலில் டிராபாரின் பின் துளையிலிருந்து முன் ஆக்சிலின் இடது ஹப் மையத்துக்கும் வலது ஹப் மையத்துக்கும் அளந்தோம். இரண்டும் சமம். பிறகு முன் ஹப்பிலிருந்து பின் ஹப்புக்கு. இடது பக்கம் 38 அங்குலம். வலது பக்கம் 37¼. முக்கால் அங்குலம் வித்தியாசம்! குனிந்து பார்த்தால், வலது பின் பட்டையில் சென்டர் போல்ட் அறுந்து, யூ போல்ட் தளர்ந்து, ஆக்சில் அந்தப் பக்கம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. சேறும் கிரீசும் அப்பியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

"முக்கால் அங்குலந்தானே, இதுக்கா இவ்வளவு?" என்றார் அப்பா. கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு சக்கரத்துக்கும் இடையே அகலம் 60 அங்குலம். 60-க்கு முக்கால் என்றால் 80-க்கு 1. அதாவது ஒரு கிலோமீட்டர் ஓடினால் இரண்டு ஆக்சிலும் ஒன்றைவிட்டு ஒன்று பன்னிரண்டரை மீட்டர் விலகப் பார்க்கின்றன. ஆனால் ஒரே சட்டத்தில் கட்டியிருப்பதால் விலக முடியாது. ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று மேட்டுக்கும் ஒன்று பள்ளத்துக்கும் இழுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஆளுக்குப் பாதி என்று வைத்தாலும், ஆலைக்குப் போய்த் திரும்ப 44 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு டயரும் கணக்குப்படி 275 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ரப்பர் வளைந்து கொடுப்பதைக் கழித்துக்கொண்டாலும் மிச்சம் கொஞ்சமில்லை. கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால் பின் ஆக்சிலுக்குப் பாரம் அதிகம்; அந்த டயர்கள் முதலில் போயின. நன்றாகப் பார்த்தால் முன் டயர்களிலும் சோகை ஆரம்பித்திருந்தது.

ஒற்றை ஆக்சில் டிரெய்லராக இருந்திருந்தால் வண்டி சற்றுக் கோணலாகப் போயிருக்கும், டயர் இவ்வளவு அடிபட்டிருக்காது. ஜோடி ஆக்சிலில்தான் இந்த மல்லுக்கட்டு.

பட்டைக் கடையில் சென்டர் போல்ட், யூ போல்ட், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அம்மாவிடம் இந்தக் கணக்கை மட்டும் நான் சொல்லவில்லை. அப்பா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் இரவு ஆலை யார்டில் அப்பாவோடு வரிசையில் காத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் முன்னும் பின்னும் நின்ற டிரெய்லர்களின் டயர்களை டார்ச் அடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். "இன்னா தம்பி, கழட்டப் பாக்குறியா?" என்று ஒரு டிரைவர் அண்ணன் கேட்டுவிட்டார்! விஷயத்தைச் சொன்னதும் அவரே இறங்கி வந்து தன் வண்டியைத் தடவிப் பார்த்தார். நான் பார்த்த ஜோடி ஆக்சில் வண்டிகளில் பாதிக்கு மேல் சோகை இருந்தது. சில வண்டிகள் பட்டறையில் பிறக்கும்போதே கோணல். பட்டைத் தாங்கியைக் கண்பார்வையில் வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள்.

"ஓவர்லோடு ஏத்துறாங்க, டயர் போகுது, அவ்வளவுதான்" என்று நம் வகுப்பிலேயே சிலர் சொல்வதுண்டு. ஓவர்லோடு தவறுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூலி டன் கணக்கில் கொடுக்கிறவரை ஏற்றாதே என்று எந்த டிரைவரிடமும் சொல்லி ஜெயிக்க முடியாது. கோணலை நிமிர்த்துவது நம் கையில் இருக்கிறதே!

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. 1818-இல் ரூடால்ஃப் அக்கர்மன் இங்கிலாந்தில் குதிரை வண்டிக்காகக் காப்புரிமை வாங்கிய ஸ்டியரிங் அமைப்பை நாம் பெரிய கேள்வியாக உருப்போடுகிறோம். கேம்பர், காஸ்டர், டோ-இன் எல்லாம் காரின் முன் சக்கரத்துக்குப் படம் போட்டுப் பாகம் குறிக்கிறோம். நம் கேட்டுக்கு வெளியே நாளெல்லாம் போகிற டிரெய்லருக்கு, திரும்பாத ஆக்சிலுக்கு, என் நோட்டில் ஒரு வரி இல்லை. "டிரெய்லர் படிச்சா கேம்பஸ்ல எவன்டா எடுப்பான்?" என்று நண்பன் கேட்டான். எடுக்க மாட்டார்கள்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த டிரெய்லர் ஓடிச் சோறு வருகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இதற்கு லேப் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். ஒரு டேப், கொஞ்சம் நூல், சாக்பீஸ், இரண்டு பேர். ஒரு சனிக்கிழமை ஆலை யார்டில் போய் உட்கார்ந்தால் நாற்பது வண்டி அளந்துவிடலாம். துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். "எழுதிக் கொடு, பார்ப்போம்" என்றிருக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஹாஸ்டலில் என்னைப் பார்க்கவும்.

இன்னொன்று. அந்த மொட்டை டயர்களில் ஒன்றை அப்பா போன வாரம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கல்லூரியில் இறக்கிவிட்டுப் போனார். ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரில் சாத்தி வைத்திருக்கிறது. ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் தடவிப் பாருங்கள். பழைய சாமான் என்று யாரும் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.