வீட்டுக்கு வீடு: மருத்துவரிடம் மறைத்த சொல்

சென்ற திங்கள் இப்பகுதியில் மழைக்காலத்து எலிக்காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தாராவி அன்பர் ஒருவர், "உடம்புக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே போவது என்பது எங்களுக்குத் தெரியும் ஐயா. மனத்துக்கு நோய் கண்டால் எங்கே போவது? அதை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்பதையும் கடிதத்தின் அடியில் இருமுறை கோடிட்டு எழுதியிருக்கிறார். அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. அதே அச்சத்தோடு பல மாதங்கள் வாழ்ந்தவன் நான்.

என் மைத்துனன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை தேடி எங்களிடம் மும்பைக்கு வந்தான். வயது இருபத்து நான்கு. ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. எட்டு மாதங்கள் ஒழுங்காகச் சென்றன. அதன் பிறகு அவன் இரவில் உறங்குவதில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான். வேலைக்கென்று புறப்பட்டு ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்துவிடுவான். சோம்பல் என்றேன் நான். கண்ணேறு என்றாள் என் மனைவி. ஊருக்கு அனுப்புங்கள், கோயிலில் வைத்து மந்திரித்தால் சரியாகும் என்றார் மாமியார். அனுப்பினோம். சற்றுத் தெளிந்து வந்தான். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே நிலை.

இவ்வாறு ஊருக்கு அனுப்பிவைப்பது நம்மவரிடையே பெருவழக்கு. ஊர்க்காற்றும் தாயின் கைச்சோறும் நல்லவையே. ஆனால் இங்கே தொடங்கிய மருத்துவம் அங்கே நின்றுபோகிறது. அங்கே தொடங்கியது இங்கே நின்றுபோகிறது. நோய் மட்டும் நோயாளியோடு இரண்டு ஊர்களுக்கும் பயணம் செய்கிறது.

முடிவில் ஒருநாள் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றுக்கு அவனை அழைத்துச் சென்றேன். இளம் பெண் மருத்துவர் இந்தியில் கனிவாகவே விசாரித்தார். "டீக் ஹை" என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தமிழில் கேட்டேன். தலை நிமிராமல், "நான் இருந்து யாருக்கு என்ன லாபம், அத்தான்?" என்றான்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மருத்துவர்.

"களைப்பாக இருக்கிறதாம்" என்றேன் நான்.

ஏன் அவ்வாறு சொன்னேன்? எங்களுக்குப் பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வீட்டில் மணமாகாத மைத்துனி ஒருத்தி இருக்கிறாள். இவ்விரண்டையும் தவிர வேறு காரணமில்லை. மருத்துவர் களைப்புக்கு மருந்து எழுதினார். அவர் மீது குற்றமில்லை. நான் சொன்ன நோய்க்கு அவர் மருந்து கொடுத்தார்.

திரும்பும்போது வண்டியில் அவன் வாசலோரம் நின்றான். அவன் சட்டையின் முதுகுப்புறத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். மருத்துவரிடம் களைப்பு என்று சொன்ன என் வாய்க்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மீண்டும் சென்றேன். அவன் கூறியதை அப்படியே சொன்னேன். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்" என்றார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று தயங்கினேன். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை, உள்ளே அடைத்து வைத்தவனுக்குப் பேச வழிதான் பிறக்கும் என்று அவர் விளக்கினார். கேட்டேன். அழுதான், பேசினான். மருந்தும், உரையாடி ஆற்றுப்படுத்தும் முறையும் தொடங்கின. முதல் மூன்று வாரங்கள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இவ்வகை மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதையும், குணம் கண்டவுடன் தாமாக நிறுத்தலாகாது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இன்று அவன் வேலைக்குப் போகிறான். அவன் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன்.

இது நம் வீட்டு நோய் மட்டுமன்று. 2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருப்பது தெரியவந்தது. பெரும்பாலான மனநோய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறாமலே இருந்தனர்.

இனி, அன்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சயானில் லோகமான்ய திலகர் மருத்துவமனை, பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர், பைகுல்லாவில் ஜே.ஜே. ஆகிய பொது மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மனநோய்ப் பிரிவு உண்டு. மற்ற நோய்க்குப் போவது போலவே கேஸ் பேப்பர் எடுத்துக்கொண்டு ஓ.பி.டி.யில் காட்டலாம். தாணேயில் 1901ஆம் ஆண்டு முதல் அரசின் மனநல மருத்துவமனை இயங்கி வருகிறது. பெரும்பாலோர்க்கு அங்குத் தங்க வேண்டிய தேவையே நேர்வதில்லை.

மொழி தடையாக இருப்பவர்கள் 14416 என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டும். 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி இது. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

ஒருவர் உயிரை விடுவதாகப் பேசினால் அதை விளையாட்டென்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், எந்த நேரமானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சுவோர் உளர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்பது அதன் விதி. நோயாளியைப் பற்றிய செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பதையும் அச்சட்டம் உரிமையாக்கியிருக்கிறது.

குடும்பத்தின் பங்கு பற்றி ஒரு செய்தி. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பார், நோயாளிகளின் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். நோயைப் பற்றி அவர்களுக்கும் கற்பித்து, குணமடைந்தவரை அவர்களோடு வீட்டுக்கு அனுப்பினார். உறவினர் உடனிருப்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதை அவர் அன்றே கண்டார். ஆனால் உடனிருப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். மானத்துக்கு அஞ்சிய மொழிபெயர்ப்பாளன் உடனிருந்தும் பயனில்லை என்பதற்கு நானே சான்று.

ஆகவே சங்கத்துச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். தமிழும் இந்தியும் மராத்தியும் அறிந்த நாலைந்து பேரை, ஆணும் பெண்ணுமாகத் தேர்ந்தெடுங்கள். நோயாளிக்கு உறவினர் அல்லாத ஒருவர் அவரோடு மருத்துவமனைக்குச் சென்று, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மருத்துவரிடம் எடுத்துரைக்கட்டும். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று உறுதி கூறட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதிய தாராவி அன்பருக்கு: நோயாளி யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எந்த நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். வாசலில் காத்திருக்கிறேன்.