தலைமடை யாருக்கு?

வாய்க்கால் நீரை நம்பிப் பயிர் செய்வோருக்குத் தலைமடை எது, கடைமடை எது என்று எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குளம் ஒன்றே, வாய்க்காலும் ஒன்றே. ஆயினும் தலைமடை வயல் விளைகிறது, கடைமடை வயல் காய்கிறது. நீரைப் பங்கிடும் பொறுப்புடையவனுக்கே தலைமடையில் வயலும் இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் கமக்காரர் நன்கு அறிவர். இதே வழக்குத்தான் இன்று செய்மதித் தொலைக்காட்சி உலகில் நடைபெறுகிறது. அங்கே பங்கிடப்படுவது நீரன்று, எண்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்குப் பாரபட்சம் தெரியாது. கோடிக்கணக்கில் முதலிட்ட நிறுவனத்தின் அலைவரிசையையும், சிலர் கூடிக் கடன்பட்டு நடத்தும் அலைவரிசையையும் அது ஒரே அன்டெனாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. பாரபட்சம் பிறப்பது வீட்டுக்குள்ளே, திரையில் விரியும் நிகழ்ச்சி வழிகாட்டியில். நூற்றுக்கணக்கான பெயர்கள் அடங்கிய அப்பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துச் செல்லும் மனிதன், மனத்துக்குப் பிடித்தது ஒன்று கிடைத்ததும் நின்றுவிடுகிறான். மேலே இருப்பவனுக்குப் பார்வையாளர் உண்டு. பார்வையாளர் உள்ளவனுக்கு விளம்பரம் உண்டு. விளம்பரம் உள்ளவனுக்கு நாளை நல்ல நிகழ்ச்சி தயாரிக்கப் பணமும் உண்டு. கீழே கிடப்பவனுக்கு இவற்றுள் எதுவும் எளிதில் கிட்டுவதில்லை.

இப்போட்டி முற்றி வளர்ந்த நாடு பிரித்தானியா. 1998 ஒக்டோபரில் ஸ்கை நிறுவனம் தனது டிஜிட்டல் செய்மதிச் சேவையைத் தொடங்கியது. மூன்றிலக்க எண்கள் வகுக்கப்பட்டன. 101 பி.பி.சி. ஒன்று, 102 பி.பி.சி. இரண்டு, 103 ஐ.ரி.வி. என்று பழைய பொதுச் சேவைகள் முன்னே அமர்ந்தன. விளையாட்டுக்கு நானூறு வரிசை, செய்திக்கு ஐந்நூறு வரிசை எனப் பிரிவுகள் அமைந்தன. செய்திப் பிரிவின் முதல் எண்ணாகிய 501 யாருடையது? ஸ்கை நியூஸ் உடையது. உலகம் அறிந்த பி.பி.சி. செய்திச் சேவைக்குக் கிடைத்தது 503. பட்டியலை எழுதும் கை எங்கே சாய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பி.பி.சி.யின் நிலையே இதுவாயின் சிறியவர்களின் நிலையைக் கேட்கவும் வேண்டுமா? செய்மதியில் இடம்பிடிக்க ஒரு வாடகை, வழிகாட்டியில் பெயர் போட ஒரு கட்டணம் என இரு வாயிலிலும் அவர்கள் பணம் கட்டுகிறார்கள். கட்டிய பின்னும், புதிதாக வருபவர் தம் பிரிவின் வாலில்தான் நிற்க வேண்டும். முன்னே இருப்பவர் எவரேனும் கடையை மூடினால் மெல்ல ஓரடி முன்னேறலாம். அல்லது மூடவிருப்பவரிடம் அவருடைய எண்ணை விலைக்கு வாங்கலாம். இவ்வாறு எண்கள் கைமாறும் சந்தையே உருவாகிவிட்டது. நொடிந்த அலைவரிசைக்கு அதன் நிகழ்ச்சிகளைவிட அதன் எண்ணே பெரிய சொத்து என்றால், அச்சந்தையில் வெல்வது திறமையா, பணப்பையா?

பெரியவருக்கு வழி எளிது. 2010இல் ஸ்கை, வெர்ஜின் மீடியாவின் அலைவரிசைகளை வாங்கியது. அவற்றுள் பிராவோவும் சனல் வன்னும் 2011இன் தொடக்கத்திலேயே மூடப்பட்டன. சனல் வன் மறைந்த அதே பெப்ரவரி 1ஆம் நாள், ஸ்கை அட்லான்டிக் என்னும் புதிய அலைவரிசை 108ஆம் எண்ணில் உதயமாயிற்று. பிறந்த குழந்தை முன்வரிசையில் அமர, ஆண்டுக்கணக்காக உழைத்தவர்கள் பின்வரிசையிலேயே நின்றார்கள்.

“மேடை அமைத்தவன் முன் ஆசனத்தில் அமர்ந்தால் குற்றமா?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. வழிகாட்டியையும் பெட்டியையும் உருவாக்கப் பெரும் பணம் செலவாகியது உண்மை. ஆனால் ஊரார் யாவரும் வந்துபோகும் ஒரே வீதியை ஒருவன் அமைத்துவிட்டால், அது அவன் முற்றமாக மட்டும் இருக்க முடியாது. பிரித்தானியப் பாராளுமன்றமும் இதை உணர்ந்தே 2003ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டத்தில் வழிகாட்டிகளுக்கு நெறிமுறை வகுக்கும் கடமையை ஒஃப்கொம் என்னும் ஆணையத்திடம் ஒப்படைத்தது. பொதுச் சேவைகளுக்கு உரிய முதன்மை அளிக்கப்பட வேண்டும். ஏனையோரை நியாயமாகவும் பாரபட்சமின்றியும் நடத்த வேண்டும் என்பன அந்நெறிகள். நன்று. ஆனால் முதன்மை பெற்றவை பொதுச் சேவைகளே. சிறியவனுக்குக் கிடைத்ததோ “நியாயம்” என்னும் ஒரு சொல். எண் விற்பனைச் சந்தை அச்சொல்லின் நிழலிலேயே தழைத்தது.

சட்டம் துணைநின்றால் சிறுபான்மை மொழி எவ்வளவு உயரலாம் என்பதற்கு வேல்ஸ் நாடே சாட்சி. வேல்ஸ் மொழிக்குத் தனி அலைவரிசை தருவதாக 1979இல் வாக்களித்த கொன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சி ஏறியதும் கைவிரித்தது. பிளைட் கம்ரி கட்சித் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ், 1980 ஒக்டோபரில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்குவேன் என அறிவித்தார். அந்நாள் வருமுன்பே, செப்டெம்பரில், தட்சர் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1ஆம் நாள் எஸ்4சி பிறந்தது. இன்று வேல்ஸ் இல்லங்களில் ஸ்கை வழிகாட்டியின் 104ஆம் எண்ணில் ஒலிப்பது வேல்ஸ் மொழியே. அந்த எண் சந்தையில் வாங்கப்பட்டதன்று; உரிமையாகப் பெறப்பட்டது.

நமது அயல்நாடாகிய இந்தியாவிலும் நோய் இதுவே. ஒரே வகை அலைவரிசைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும், கொடுத்த எண்ணை ஓராண்டுக்கு மாற்றலாகாது, சாதாரணத் தர அலைவரிசையை ஏற்றிச் செல்லும் கட்டணம் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 20 பைசாவைத் தாண்டலாகாது என அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் விதித்தது. பட்டியலில் ஒழுங்கு வந்ததும் பணம் வேறு வாசலைத் தேடியது. பெட்டியை இயக்கியவுடன் தானாகத் தோன்றும் முதல் திரையையே விலைபேசத் தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் ஆணையம் அதற்குத் தடை போட்டது. 2019இல் தீர்ப்பாயம் அத்தடையை நீக்கியது.

புதிய ஆபத்தும் வாசலில் நிற்கிறது. இணையத்தோடு இணைந்த தொலைக்காட்சிகளில் எண்களே மறைந்து, படக்கட்டங்கள் முன்னே வருகின்றன. பிரித்தானியாவின் 2024ஆம் ஆண்டு ஊடகச் சட்டம் அங்கும் பொதுச் சேவைகளுக்கு முதன்மை தேடித் தந்துள்ளது. சிறியவர்களுக்கு அதில் இடமில்லை.

ஆதலின் வேண்டுவன மூன்று. பட்டியல் எழுதுவோன் தன் அலைவரிசைக்குத் தானே முன்னிடம் வழங்கலாகாது. கைவிடப்பட்ட எண் விலைபோகாது பொதுவுக்குத் திரும்பி, வரிசையில் காத்திருப்போருக்கு முறைப்படி சேர வேண்டும். சிறுபான்மை மொழிகளுக்கு அவை பேசப்படும் நிலத்தில் முன்வரிசை, சட்டத்தாலேயே உறுதியாக வேண்டும். பேசும் உரிமை மட்டும் இருந்து, கேட்கப்படும் இடம் மறுக்கப்படுமாயின், அது அரை உரிமையே. கடைமடைக்கும் நீர் சேர்ந்தாலன்றிக் குளம் ஊருக்குப் பொது என்று சொல்ல எவருக்கும் வாய் இல்லை.